கரமனை வரை போன சிலோன் பயணம்

சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்துவந்த பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு 'சிலோன் பிள்ளை' என்று பெயர் வந்தது, அவர் சிலோனுக்குப் போனதால் அல்ல, போகாமலே இருந்ததால். இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று அவர் சொன்ன தடவைகளை வைத்துப் பார்த்தால், அந்தப் பெயர் அவருக்கு முழுக்கத் தகும்.

மனிதர் நல்லவர். நாஞ்சில்நாட்டிலிருந்து தகப்பனார் காலத்திலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து கடை போட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் குத்தூசி. மூட்டைக்குள் செருகி உள்ளேயிருக்கும் அரிசியை வெளியே இழுத்துப் பார்க்கும் அந்த இரும்புக் குழல் இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது. மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்று இடத்திலும் அரிசி ஒன்றுபோல வந்தால்தான் மூட்டை கடைக்குள் ஏறும். வியாபாரத்துக்கு இது நல்ல வழக்கம்தான். ஆனால் மனிதர் இதையே உலகத்துக்கும் வைத்துக்கொண்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று பேரிடம் விசாரித்தார். பல்வலிக்கும் மூன்று வைத்தியர்களிடம் போனார். மூன்று பேரும் ஒன்றே சொல்லாததால் அந்தப் பல் தானாக விழுகிறவரை வாயிலேயே இருந்தது.

அவருடைய ஒரே மகள் மங்கலத்தைச் சிலோனில் ஹட்டன் என்ற மலையூரில் கடை வைத்திருந்த குற்றாலலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். முதலில் ஒரு பையன், பிறகு ஒரு பெண். பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டியின் பேரான சரஸ்வதி என்பதையே வைத்தார்கள். தன் பேரைத் தாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை கடலுக்கு அப்பால் தத்தித் தத்தி நடக்கிறது, அதைத் தான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்ற நினைப்பு பிள்ளையின் மனைவி சரஸ்வதியம்மாளை அரித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு மருமகன் எழுதியிருந்தார்: பேத்திக்கு மூன்றாவது வயது பங்குனியோடு முடிகிறது, இரட்டை வயதில் காது குத்தும் வழக்கம் நமக்கு இல்லை, தாத்தாவும் பாட்டியும் வராமல் குத்த மனசும் இல்லை, முதல் வயதிலும் இப்படித்தான் தள்ளி வைத்தோம், இந்தப் பங்குனிக்குள் எப்படியாவது வந்து சேருங்கள் என்று.

"போகணும்லா? கட்டாயம் போகணும்," என்றார் பிள்ளை. "ஆனா நல்ல காலமாப் பாத்துப் போகணும்."

அங்கேதான் பிடித்தது சனி.

அவர் முதல் குத்துக் குத்தியது விழிஞ்ஞத்து யோசுவாவிடம். கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்த ஆள். "இடவப்பாதி மழையில போயிராதீரும் பிள்ளைவாள். கொழும்புல ரோட்டுல தோணி விடலாம். மார்கழியில போம். கடலு கண்ணாடி மாதிரி கெடக்கும்," என்றார் யோசுவா.

இரண்டாவது குத்து, பக்கத்துக் கடைக் கோலப்பனிடம். அவர் யாழ்ப்பாணத்துப் புகையிலை வாங்கி விற்கிறவர். "மார்கழியா? எந்த மடையன் சொன்னான்? யாழ்ப்பாணத்துல மார்கழியிலதான் ஓய் மழையும் கொடுங்காத்தும். ஆடியில போம். துணி காயப் போட்ட கை எடுக்குதுக்குள்ள காஞ்சிரும்."

மூன்றாவது, பாறசாலைக்காரர் சத்தியநேசன். தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. அவருடைய தம்பி ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளார்க். "ஆடியிலயா? தம்பி ஆடி மாசத்துல சூரியனைக் கண்டதே இல்லையாம். உடுத்த வேஷ்டிய அடுப்புல வாட்டித்தான் உடுப்பானாம். மார்கழியில தேங்காயெண்ணெய் கல்லாப் போகும். சித்திரையாக்கும் நல்லது. பூவெல்லாம் பூத்து ஜோராட்டு இருக்கும்," என்றார்.

சித்திரையை எடுத்துக்கொண்டு பிள்ளை திரும்ப யோசுவாவிடம் போனார். சித்திரையில் கொழும்பில் மனிதன் வெந்துபோவான், சாயங்காலம் இடி விழும் என்று யோசுவா சொல்லிவிட்டார்.

"பாத்தியா?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் வெற்றிக் குரலில் சொன்னார் பிள்ளை. "ஒரு மாசம் மேல நல்லா இருந்தா அடியில புழுத்துக் கெடக்கு. அடியில நல்லா இருந்தா நடுவுல ஈரம். இத எப்பிடி நம்பி எடுக்கது?"

"நாம போறது ஹட்டனுக்கு. கொழும்புல மழை பெஞ்சா நமக்கு என்ன? யாழ்ப்பாணத்துல காத்தடிச்சா நமக்கு என்ன?"

"மூட்டைன்னா ஒரு மூட்டைதானே?"

"அது நாடுல்லா! மூட்டையா?"

பிள்ளை மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தர்க்கத்தில் தோற்றுப்போகிற இடம் வந்தால் அவருக்குக் கடையில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

கடைசியில் ஒரு அதிசயம் நடந்தது. மாசி மாதத்தைப் பற்றிக் கேட்டபோது மூன்று பேரும் ஒன்றே சொன்னார்கள். கடல் அடங்கியிருக்கும், யாழ்ப்பாணத்தில் மழை ஓய்ந்திருக்கும், மலையில் பகல் வெயில் பொன்னாக இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார்கள்கூட அப்போதுதான் வருவார்களாம். செய்தி கேட்டுச் சரஸ்வதியம்மாளின் முகம் மலர்ந்தது. பிள்ளையின் முகமும் மலர்ந்தது. ஆனால் வெற்றிலை மடிப்பதற்குள் வாடிவிட்டது. மாசியில்தான் நாஞ்சில்நாட்டில் கும்பப்பூ அறுவடை. புது அரிசி வண்டி வண்டியாகச் சாலைக்கு வந்து இறங்கும். அந்த நேரத்தில் கடையை விட்டுவிட்டு எந்த வியாபாரி கடல் கடப்பான்?

சரஸ்வதியம்மாள் சண்டை போடவில்லை. பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். பேத்திக்குச் செய்து வைத்திருந்த கம்மலை மஞ்சள் துணியில் முடிந்து அடியில் வைத்தாள். இருவர் துணிமணிகளையும் அடுக்கினாள். பெட்டியைக் கூடத்துக்கு நட்டநடுவில் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. பிள்ளை வரும்போதும் இடித்துக்கொண்டார், போகும்போதும் இடித்துக்கொண்டார். முழங்கால் வீங்கிய பிறகு இறங்கி வந்தார்.

"சரி. தை கடைசியில போவோம். போனதும் காது குத்து, உடனே திரும்பிரணும்."

வலியசாலைச் சோதிடர் பார்த்துக் கொடுத்த நல்ல நேரத்தில் ரயில் இல்லை. ரயில் இருந்த நேரம் நல்ல நேரமாக இல்லை. இதற்கெல்லாம் நம்மவர்களிடம் வழி உண்டே! பரஸ்தானம் வைத்தால் போயிற்று. அதாவது, நல்ல நேரத்தில் பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு ஒருவர் வீட்டில் போய் இறங்கிவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு சௌகரியம்போல ரயில் ஏறலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது: கிளம்பியவர்கள் திரும்ப வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது.

அப்படியே ஒரு காலை வேளையில் இருவரும் குதிரை வண்டியில் கிளம்பி, கரமனையில் சரஸ்வதியம்மாளின் தம்பி தாணு வீட்டில் போய் இறங்கினார்கள். மறுநாள் ரயில். மங்கலத்துக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லாததால், பேத்தியை மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமன் ஸ்தானத்தில் தாணுவும் கூட வருவதாக ஏற்பாடு. தாணுவின் மனைவி வடிவம்மாள் அன்று இரண்டு பாயசம் வைத்தாள். மறுநாள் வழிக்குப் புளிச்சோறு கிண்டி வாழையிலையில் கட்டினாள்.

மறுநாள் விடியும்போது மழை. தை மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை.

பிள்ளை சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இஞ்சயே இப்பிடின்னா அங்க எப்பிடி இருக்கும்?"

சரஸ்வதியம்மாள் கேட்டாள்: "மழை பெஞ்சா என்ன ஆகும்?"

"நனைவோம்."

"நனைஞ்சா?"

பிள்ளை பாயை எடுக்கத் திரும்பினார்.

"காயும்," என்றாள் அவள். ஆனால் பிள்ளை அதற்குள் படுக்கையை விரித்துவிட்டார். கட்டிய சோற்றை மத்தியானம் எல்லாருமாக அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்று தொடங்கியது. மழை விட்டதும் கடல் அடங்கட்டும் என்றார். விழிஞ்ஞத்துக்கு ஆள் அனுப்பிக் கடல் அடங்கிவிட்டதென்று தெரிந்ததும், மலையில் பனி எப்படி என்று சத்தியநேசனைத் தம்பிக்கு எழுதிக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு தடவை நாள் குறித்தபோதும் வடிவம்மாள் சோறு கட்டினாள். ஒவ்வொரு தடவையும் அது கரமனையைத் தாண்டவில்லை. பாயசம் நின்றது. பிறகு பொரியல் நின்றது. ஒரு நாள் இலை போய்க் கிண்ணத்தில் கஞ்சியும் துவையலும் வந்தபோது பிள்ளை அதையும் குடித்தார்.

"மதினி," என்று வடிவம்மாள் கிணற்றடியில் நாத்தனாரிடம் அழாத குறையாகச் சொன்னாள், "அண்ணாச்சி எத்தன நாள் இருந்தாலும் சாரமில்ல. எனக்குப் புளிச்சோறு கெட்டிக் கெட்டிக் கைதான் விட்டுப்போச்சு."

இதற்குள் மாசி பிறந்து கும்பப்பூ அரிசி வரத் தொடங்கிவிட்டது. பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. பரஸ்தானம் வைத்தவன் வீட்டுக்குத்தான் போகக் கூடாது. கடைக்குப் போகக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை என்று கண்டுபிடித்தார். காலையில் கரமனையிலிருந்து புறப்பட்டுக் கிள்ளிப்பாலம் தாண்டி நடந்தே சாலைக்கு வருவார், சாயங்காலம் திரும்புவார்.

"வாரும் ஓய்!" என்று கோலப்பன் தெருவெல்லாம் கேட்கக் கூப்பிட்டார். "சிலோன்ல நெல்லு வெள்ளாமை எப்பிடி?"

"கேலி பண்ணாதியும். நான் கெளம்பியாச்சு. கிள்ளியாறு கடந்தாச்சு. பாக்கி கடல் ஒண்ணுதான்."

இதில் பிள்ளைக்கு மெய்யாகவே வருத்தம் உண்டாக்கிய விஷயம் ஒன்று நடந்தது. அவர் வீட்டுப் பசு கன்று போடும் தறுவாயில் இருந்தது. கடையில் எடை போடும் வேலாயுதன்தான் வீட்டுக் காவலும். அவன் ஓடிவந்து சொன்னதும் பிள்ளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தன் வீட்டுப் படலோரம் வரை வந்தவர், காலைத் தூக்கியவர், சட்டென்று நின்றுவிட்டார். பயணம் போனவன் உள்ளே போகலாமா? தெருவில் நின்றபடியே கத்தினார்:

"லேய் வேலாயுதா! தலை தெரியுதா?"

"தெரியுது முதலாளி!"

"காலு?"

"நிங்க வந்து பாருங்களேன்!"

"நான் எப்பிடிலே வருவேன்? நான் சிலோன் போயிருக்கேம்லா!"

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சிலோனுக்குப் போனவர் வாசலில் நின்று தன் பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற அதிசயத்தை யார்தான் விடுவார்கள்? "கிடாரியாக்கும் முதலாளி!" என்று உள்ளேயிருந்து வேலாயுதன் கத்தியபோது, கன்றைத் தொட்டுப் பார்க்க முடியாமல் பிள்ளை கண்கலங்கி நின்றார். முன்னால் போகப் பருவம் விடவில்லை. பின்னால் போகப் பரஸ்தானம் விடவில்லை. கையால் தோண்டிய குழி, இரண்டு காலும் உள்ளே.

தாணு சாது. ஆனால் வடிவம்மாள் அவனைச் சோதிடரிடம் விரட்டினாள். சோதிடர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பரஸ்தானத்துக்கு ஒரு கெடு உண்டு, அது எப்போதோ தாண்டிவிட்டது, இனி அது செல்லாது, வீட்டுக்குப் போய் முதலிலிருந்து தொடங்கச் சொல் என்றார்.

தாணு வந்து சொன்னதும் பிள்ளையின் முகத்தில் உண்டான வெளிச்சத்தை வடிவம்மாள் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மேல்துண்டைக்கூட எடுக்கவில்லை. "அப்பிடின்னா நான் வீட்டுக்குப் போலாம்! சரசு, கெளம்பு!"

"நீங்க முன்னால நடங்க," என்றாள் சரஸ்வதியம்மாள் அமைதியாக. "வண்டி வரட்டும். நானும் கெளம்புகேன்."

பிள்ளை வீட்டுக்குப் போனார். முதலில் கன்றைத் தடவினார். பிறகு தன் ஊஞ்சலில் காலை நீட்டிப் படுத்தார். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். நல்ல காலம் அடுத்த வருஷமும் வரத்தானே போகிறது? பெட்டியும் மனைவியும் வரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவர் தூங்கிப்போனார். வேலாயுதன் வந்து எழுப்பினான். வரும்போதே அவன் முகம் சரியில்லை.

"அம்ம ரயிலு கேறிப் போயாச்சு முதலாளி. தாணு அண்ணனும் கூட உண்டு. நான்தான் தம்பானூரு ஸ்டேஷன்ல பெட்டி எடுத்து வச்சேன்."

"என்னலே சொல்லுக?"

"நிங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ. பரஸ்தானம் முடிஞ்சுபோனது நிங்களுக்குத்தானாம். அம்ம கெளம்பினது கெளம்பினதுதானாம்."

பிள்ளைக்கு முதலில் கோபம் வந்தது. ஒரு பெம்பளை, புருஷன் இல்லாமல், கடல் கடந்து! கோலப்பனிடம் போய்க் கொதித்தார். கோலப்பன், "ஓய், அவ்வொ ஆறு மாசமாக் கேட்டது ஓம்ம காதுல விழல்ல, பிள்ளைக்குக் காது குத்தணும்னு நீரு அலையுதீரு," என்றதும் கோபம் பாதியாகக் குறைந்தது. அடுத்த நாள் காலி வீட்டில் விழித்தபோது மீதிப் பாதியும் போய்விட்டது. கடைக்குப் போனார். மூட்டையில் மூன்று குத்துக் குத்தினார். உள்ளங்கையில் அரிசி கிடந்தது. நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. வேலாயுதன் கேட்டதற்கு, "நீயே பாத்துக்க," என்றார். அந்தக் கடையில் அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் கேட்டதில்லை.

மழைக்கும் பனிக்கும் அவர் பயந்ததே இல்லை. சாலைத்தெருவில் அவருக்கு ஒரு பேர் உண்டு, ஒரு குரல் உண்டு. கைநீட்டினால் வெற்றிலை வரும். கிள்ளிப்பாலத்துக்கு அப்பால் போகப் போக அவர் யாரோ ஒரு கிழவன். அந்தப் பயத்துக்குத்தான் ஊரிலுள்ள மழையையெல்லாம் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேத்தியின் காதையும், இத்தனை வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்தியவளின் ஆசையையும் அந்தப் பயத்துக்குக் காவல் வைத்துவிட்டோமே என்று, குத்தூசியை மூட்டையிலிருந்து உருவி இடுப்பில் செருகினார்.

கல்லாச் சாவியை வேலாயுதன் கையில் திணித்தார். "கோலப்பன்கிட்ட கேட்டு வியாபாரம் பாரு," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

"முதலாளி, ராகுகாலமாக்கும்! மழையும் தூத்துகு!" என்று வேலாயுதன் பின்னால் கத்தினான்.

பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

செங்கோட்டை வழி ரயிலில் ஏறினார். குடை இல்லை, பெட்டி இல்லை. மாற்று வேட்டி கூட இல்லை. மண்டபத்தில் சிலோனுக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதிக்கிற இடத்தில் டாக்டர் அவருடைய நாக்கைப் பார்த்தார், பிறகு இடுப்பிலிருந்த குத்தூசியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அரிசி பாக்குதது."

"சாமான் எங்கே?"

"முன்னாலயே போயாச்சு. பரஸ்தானம் வச்சிருக்கு."

"எங்கே வைத்திருக்கிறீர்?"

"சிலோன்ல," என்றார் பிள்ளை.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவருக்குத் தொற்றக்கூடிய வியாதி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். தனுஷ்கோடியிலிருந்து கப்பல். யோசுவா சொன்ன கண்ணாடிக் கடல் அன்று அவரைக் குலுக்கி எடுத்தது. தலைமன்னாரில் இறங்கியபோது கொளுத்தும் வெயில். கண்டி தாண்டி மலை ஏற ஏற மேகம் ரயிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. ஒரே நாட்டில் ஒரே நாளில் வெந்து, நடுங்கி, ஹட்டன் ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது, மூன்று பேரும் ஒருமுகமாகச் சத்தியம் செய்த மாசி மாதத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்தது.

வழி கேட்டுக் கேட்டு மேட்டுத்தெருவில் ஏறினார். குற்றாலலிங்கத்தின் கடை வாசலை அடைந்தபோது உடம்பில் ஒரு நூல் காய்ந்ததாக இல்லை. உள்ளே கூடத்தில் தகரப் பெட்டி நட்டநடுவில் இருந்தது. தாணு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு சிறு பெண், எண்ணெய் வைத்து வாரிய தலை, காது இரண்டும் மூளியாக. அவரைக் கண்டதும் அது தாணுவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

மங்கலம் ஓடிவந்தாள். "அப்பா! நேத்தே குத்தியிருக்கணும். ஆசாரி ரெண்டு தடவ வந்துட்டுப் போனாரு. அம்மைதான் விடல்ல. அவ்வொ வருவாவ, அவ்வொ வருவாவன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா."

பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியவில்லை. சரஸ்வதியம்மாள் உள்ளேயிருந்து வந்து அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். 

"நனைஞ்சாச்சு சரசு," என்றார் பிள்ளை மெல்ல.

அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவர் தலையில் போட்டாள்.

"காயும்," என்றாள்.